எறும்பு தொட்ட பூச்சி

இனியா, கதிர், கருகிய பூச்சியின் வாசனை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தலைமுடி பொசுங்கினால் ஒரு நாற்றம் வருமே, அதோடு வறுத்த வேர்க்கடலைத் தோலின் வாசனையைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் எப்படியோ அப்படி இருக்கும். எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் சாயங்காலம் நாலரை மணிக்கு அந்த வாசனை வரும். என் அம்மா, அதாவது உங்கள் ஆயா, கம்பெனி வேனிலிருந்து இறங்கி, வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்து சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டினாள் என்றால், அந்தப் பைக்குள்ளிருந்து அது மெதுவாகக் கிளம்பி வீடு முழுக்கப் பரவும். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, வீட்டில் இருக்கிற நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வந்துட்டாங்கய்யா பூச்சி மகாராணி" என்பார். "உன் டீசல் நாத்தத்துக்கு இது சந்தனம்யா" என்பாள் அம்மா.

போன வாரம் புயல் மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டார்களே, அன்றைக்கு இனியா, நீ மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் ஒரு டப்பா மூடியில் சோறும் மிக்சரும் வைத்தாய். எதிரே கேபிள் வயரில் இரண்டு பச்சைக்குருவிகள், கழுத்தே இல்லாத மாதிரி உடம்பை உருட்டிக்கொண்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நீ கீழே வந்து ரொம்ப நேரம் ஜன்னல் வழியாக வயரையே பார்த்துவிட்டு, "ஏம்பா இது சாப்பிடவே மாட்டேங்குது?" என்று கேட்டாய். "மழை வுட்டா அதுவே போய்த் தேடிக்கும், நீ இந்தாண்ட வா, சளி புடிக்கும்" என்று சொல்லி நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். நீ அதோடு மறந்துவிட்டாய். எனக்குத்தான் அன்றைக்கு ஷிப்டில் கை ஓடவில்லை. ஏனென்றால் நீ கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். அந்தப் பதிலோடு சேர்ந்து இன்னொன்றும் வெளியே வந்துவிடும் என்பதால்தான் இத்தனை வருஷமாக எந்த மழைக்கும் நான் வயரைப் பார்ப்பதில்லை. நேரில் சொல்ல வாய் வராது என்று தெரிந்ததால் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் இருந்தோம். பாதி நெல்வயல், பாதி காம்பவுண்டு சுவர் என்று ஊர் கிடந்த வருஷங்கள் அவை. வயலுக்கு நடுவில் புதிதாக வந்திருந்த கம்பெனியில் பகல் மாதிரி விளக்கு எரியும். அவ்வளவு வெளிச்சத்தை அந்த வயல் பூச்சிகள் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. சுற்றுவட்டாரத்தில் உள்ள ஈசல், அந்துப்பூச்சி, பச்சைத் தத்துப்பூச்சி எல்லாம் கேன்டீனுக்குத்தான் வரும். அதற்காக அங்கே சுவரில் வரிசையாக எட்டு "பூச்சி லைட்டு" மாட்டியிருந்தார்கள். நீலமாக எரியும் விளக்கு, அதன் முன்னால் கரண்டு ஓடும் கம்பிவலை, அடியில் இழுத்து எடுக்கிற மாதிரி ஒரு ட்ரே. வெளிச்சத்துக்கு வந்த பூச்சி வலையில் பட்டதும் 'சட்' என்று வெடித்து ட்ரேயில் விழும். அம்மா கேன்டீனில் துப்புரவு வேலை. ஒரு நாளைக்கு ஒரு லைட்டு என்று முறை வைத்து ட்ரேயைக் கொட்டிக் கழுவ வேண்டும். அப்படிக் கொட்டுவதைக் குப்பையில் போடாமல் பாலிதீன் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள் அங்கே துப்புரவு வேலை செய்த பெண்கள், கோழிக்கு. அந்தப் பூச்சியைத் தின்கிற கோழி முட்டை விடாமல் இடும் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. எங்களிடம் அப்போது நான்கு கோழிகள் இருந்தன.

முதலில் ஐந்து இருந்தன. ஒரு முறை கம்பெனியில் மருந்து அடித்த மறுநாள் கொண்டுவந்த பூச்சியைத் தின்ற எங்கள் சாம்பல் கோழி, கழுத்தைத் திருகிக்கொண்டு, காலை நீட்டிச் செத்துப்போனது. அம்மா அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து, மிச்சம் கிடந்த பூச்சியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்படிச் சுவரில் எப்போதும் ஊர்ந்துகொண்டிருக்கும் கறுப்புப் பிள்ளையார் எறும்பு, ஒரு பருக்கை சிந்தினால்கூட விடாத எறும்பு, அந்தப் பூச்சிகளின் பக்கத்தில்கூட வரவில்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். அன்றைக்கிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். கொண்டுவந்த பூச்சியில் ஒன்றை எடுத்து எறும்பு போகிற வழியில் வைப்பாள். முகம் கழுவி, டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்ப்பாள். எறும்பு மொய்த்து இழுத்துக்கொண்டு போனால்தான் மீதி கோழிக்கு. இல்லாவிட்டால் பையோடு குழி தோண்டிப் புதைத்துவிடுவாள். கம்பெனியில் செய்த பொருளைச் சரிபார்த்து வெளியே விடுகிறவர்களை "க்யூ.சி." என்பார்கள் இல்லையா, அந்தப் பேரை எறும்புக்கு வைத்திருந்தாள். "இருடா, என் க்யூ.சி. இன்னும் டியூட்டிக்கு வரல" என்பாள். எறும்பு வந்து இழுத்ததும், "பாஸ்! பாஸ்! வுடு சரக்க" என்று கத்துவாள். நாள் முழுக்கத் தரை துடைத்துவிட்டு வந்தவள் சிரிக்கிற முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

டிசம்பர் மாதம். பக்கத்து வீட்டில் என் வகுப்புப் பையன் ஜான்சன் இருந்தான்; அவர்கள் வீட்டு வாசலில் கட்டியிருந்த கிறிஸ்துமஸ் ஸ்டார் நனைந்து காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது. நம் பக்கத்தில் குளிர் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள்; ஆனால் புயல் கரைக்கு வராமல் கடலுக்குள்ளேயே நின்றுகொண்டு நாள்கணக்கில் ஊதுகிறபோது, அந்த ஈரக்காற்றில் பல் தந்தியடிக்கும். அப்படி ஒரு மழையின் முதல் நாள், பள்ளிக்கூடம் இல்லாத பகலில், எங்கள் வீட்டுக்கு வரும் கரண்டு வயரில் ஏழு பச்சைக்குருவிகள் வந்து உட்கார்ந்தன. லாரிக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்துக் கட்டுவார்களே, அதில் பழத்தை விட்டுவிட்டு மிளகாயை மட்டும் நெருக்கிக் கோர்த்த மாதிரி இருந்தது. ஓரத்தில் இருந்தது கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை பறந்து வந்து நடுவில் நுழைந்துகொள்ளும். அப்புறம் வேறொன்று ஓரமாகிவிடும். நல்ல வெயில் நாளில் அந்தக் குருவி பறந்து பறந்து பூச்சி பிடிப்பதைப் பார்த்தால் பம்பரம் மாதிரி இருக்கும். அன்றைக்கு அசையவே இல்லை. அதற்குப் பஞ்சுருட்டான் என்று பேர் உண்டு என்பது நீங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த படப்புத்தகத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

நானும் உன்னை மாதிரிதான், இனியா. சோறு வைத்தேன், பொரி வைத்தேன். சாயங்காலம் வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "டேய் மண்டு, அது சோறு துன்ற சாதி இல்லடா. பறக்கிற பூச்சியப் புடிச்சித் துன்றது. மழையில எந்தப் பூச்சி பறக்கும்?" என்றாள்.

"அப்ப அது இன்னாமா பண்ணும்?"

"இன்னா பண்ணும்... பட்டினிதான் கெடக்கும்."

நான் அவள் பையையே பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"நல்லா கீதுடா உன் ஞாயம். என் கோழி வாயில மண்ணு, ஊர்க் குருவிக்கு விருந்தா?" என்று திட்டிக்கொண்டே பையை அவிழ்த்தாள். எறும்புக்கு ஒன்று வைத்தாள், டீ குடித்தாள், பார்த்தாள், "பாஸ்" என்றாள். அதில் பாதியை எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்குப் பின்னால் சுவர் எழுப்பித் தளம் போட்டதோடு நின்றுபோன ஒரு பாத்ரூம் இருந்தது. அதன்மேல் ஏறினால் வயர் பத்தடி தூரம்தான். பூச்சியைக் கீழே பரப்பினால் குருவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் எடுத்து மேலே வீசினேன். காற்று அடித்துக்கொண்டு போனது. மறுபடி வீசினேன். எத்தனையாவது தடவை என்று தெரியாது, வரிசையில் ஒன்று சட்டென்று பிரிந்து வந்து, என் தலைக்கு மேலே அந்தரத்தில் 'டக்' என்று அலகை மூடிப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு வயருக்குத் திரும்பிப் போய், அதை இரண்டு தடவை வயரில் அடித்துவிட்டு விழுங்கியது. அப்புறம் இரண்டாவது. அப்புறம் எல்லாமும். கீழே ஈரத்தலையோடு நின்றுகொண்டிருந்த அம்மா, "பார்ரா! எங்க கேன்டீன்ல ஆபீசருங்க கூட இப்படி வரிசையா வந்து துன்ன மாட்டாங்கடா" என்று கைதட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்தது அந்த இரண்டு நாள்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாம் நாள் அம்மா நிறையக் கொண்டுவந்தாள். எறும்பு பார்த்த பிறகு வீசினோம், மிச்சத்தை டப்பாவில் வைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் காலையில் வேலைக்குப் போனவள் சாயங்காலம் திரும்பவில்லை. தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டதால் வேன் வராது என்றும், கம்பெனிக்குள் மாட்டிக்கொண்ட ஆட்களுக்குச் சமையல் நடப்பதால் கேன்டீன்காரர்களை ஓ.டி.யில் நிறுத்திக்கொண்டார்கள் என்றும் யாரோ வந்து சொன்னார்கள். அப்பாவும் லாரியில் வெளியூர் போயிருந்தார். அன்றைக்கு டப்பாவில் இருந்த மிச்சத்தை வீசித் தீர்த்தேன். கீழே ஜான்சன் வந்து நின்றான். அவன் வந்தபோது டப்பா காலியாகிவிட்டது.

"நீ வீசினா அது வந்து வாங்கிக்குதா? ரீல் வுடாத" என்றான்.

"நாளைக்கு வந்து பாருடா. என் கையாண்டயே வரும்."

"வரலன்னா?"

"வரலன்னா என் பேர மாத்திக்கிறேன்."

நான்காம் நாள் மத்தியானம் ஜான்சன் தனியாக வரவில்லை. தெருவிலிருந்து இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். குடைக்குள் நான்கு தலைகள். வயரில் ஏழும் இருந்தன. என்னைப் பார்த்ததும் ஒன்றிரண்டு கழுத்தை நீட்டின, அதாவது நான் வருவதைத் தெரிந்துகொண்டன. ஓரத்தில் இருந்த ஒன்று கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. டப்பாவில் ஒன்றுமில்லை. அம்மா வரவில்லை. "இன்னா நைனா, புதுப் பேரு யோசிச்சிட்டியா?" என்றான் ஜான்சன். மற்றவர்கள் சிரித்தார்கள். "இருங்கடா, எடுத்துகினு வரேன்" என்று சொல்லிவிட்டு நான் மழையில் ஓடினேன்.

தெருக்கோடியில் புதிதாக ஒரு குடோன் கட்டியிருந்தார்கள். அதன் கேட்டில் மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. அதன் கீழே, செக்யூரிட்டி கூண்டின் தகரக் கூரைக்கு அடியில் மழை படாத மூலையில், பெருக்கித் தள்ளிய பூச்சிகள் ஒரு குவியலாகக் கிடப்பதை நான் முன்பே பார்த்திருந்தேன். காவலுக்கு இருந்தவர் தெற்கத்திக்காரர். நான் அள்ளுவதைப் பார்த்து, "ஏலே, பூச்சிய அள்ளி என்னல செய்யப் போற? கொழம்பு வைக்கவா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, "அள்ளிக்கோ, எனக்குப் பெருக்குத வேலை மிச்சம்" என்றார். அவர்மேல் குற்றம் இல்லை. அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. டப்பா நிறைய அள்ளினேன். அள்ளும்போது ஒரு வாசனை வந்தது. கருகின வாசனை இல்லை. மண்ணெண்ணெய் மாதிரி, மூக்கின் உள்ளே போய் ஏறுகிற வாசனை. இந்தப் பூச்சிகள் கருகியும் இருக்கவில்லை, இறக்கையெல்லாம் முழுதாக இருந்தன. குடோனுக்கு வருகிற லாரி டீசலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யாரும் கேட்காதபோதே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொள்கிறோம் என்றால் உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

வீட்டுக்குள் போனேன். அடுப்படிச் சுவரில் எறும்பு வரிசை ஊர்ந்துகொண்டிருந்தது, மழைக்குப் பயந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு. ஒரு பூச்சியை எடுத்து வைக்க வேண்டியதுதான். கால் மணி நேரம் நிற்க வேண்டியதுதான். வெளியிலிருந்து ஜான்சன், "டேய் மழையில காக்க வைக்காதடா, நாங்க போறோம்" என்று கத்தினான். நான் எறும்பைப் பார்த்தேன், டப்பாவைப் பார்த்தேன், பின்பக்கமாக ஓடிவிட்டேன்.

ஏழும் வந்து வாங்கின. ஒன்று என் விரலுக்கு ஒரு முழம் தூரம் வரை வந்து பிடித்தது; அந்தச் சிறகின் காற்று என் கையில் பட்டது. கீழே நின்ற நான்கு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். ஜான்சன், "மெய்யாலுமே வருதுடா" என்றான். கை வலிக்கிறவரை வீசினேன். டப்பாவின் அடியில் கொஞ்சம் மிஞ்சியது, நாளைக்கு ஆகும் என்று மூடி வைத்தேன்.

அம்மா அன்றைக்குப் பொழுது சாய்ந்த பிறகு இடுப்பளவு நனைந்து வந்தாள், சாப்பிடக்கூட இல்லை, படுத்துவிட்டாள். காலையில் கோழிக்கூடையைத் திறக்கப் பின்பக்கம் போனவள்தான் என்னைக் கூப்பிட்டாள். வழக்கமாகக் கூப்பிடுகிற குரல் இல்லை. போனேன். மழை விட்டிருந்தது. வயருக்குக் கீழே, சேற்றில், ஐந்து பச்சைக்குருவிகள் கிடந்தன. ஒன்றின் கழுத்து திரும்பி இருந்தது, எங்கள் சாம்பல் கோழிக்கு இருந்த மாதிரி. மற்ற இரண்டு எங்கே விழுந்தனவோ தெரியாது. வயரில் ஒன்றுமில்லை.

அம்மா மண்வெட்டி எடுக்கப் போனாள். நான் உள்ளே ஓடி டப்பாவைத் திறந்து ஒரு பூச்சியை எறும்பு வரிசைக்கு நடுவில் வைத்தேன். முன்னால் வந்த எறும்பு நின்றது, மீசையை ஆட்டியது, திரும்பியது. பின்னால் வந்தவையும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் ஆற்றுக்கு நடுவே கல்லைப் போட்ட மாதிரி வரிசை இரண்டாகப் பிரிந்து, அந்தப் பூச்சியைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தது. அதைத் துடைத்தெடுத்து, டப்பாவில் இருந்ததோடு சேர்த்துச் சாக்கடையில் கொட்டினேன். கொட்டிவிட்டுத் திரும்பினால் அம்மா மண்வெட்டியோடு நிற்கிறாள். நான் கொட்டியதை அவள் பார்க்கவில்லை.

"நேத்து இன்னாடா போட்ட?"

அந்த இடத்தில்தான், இனியா, கதிர், நான் அதைச் செய்தேன்.

"நீ கொண்ணாந்ததுல மிச்சம் இருந்துச்சும்மா. அதத்தான் போட்டேன்."

"எறும்பாண்ட வச்சிப் பாத்தியா?"

"பாத்தேன். இழுத்துகினு போச்சு."

அம்மா மண்வெட்டியைத் தரையில் ஊன்றினாள். என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு. "அன்னிக்கி அந்த ட்ரேய எடுக்கும்போதே ஏதோ மருந்து நாத்தம் வந்த மாதிரிதான் இருந்துச்சு. நான்தான் கண்டுக்கல. எறும்புக்கு வச்ச ஒண்ணு மட்டும் நல்ல பூச்சியா போச்சு, அடியில இருந்ததுல மருந்து இருந்திருக்கும். என் கையால கொண்ணாந்து குடுத்தேனேடா." அப்படி ஒரு வாசனை வந்திருக்கவே முடியாது. நான் சொன்ன பொய்க்கு இடம் விடுவதற்காக, நடக்காத ஒன்றை அவளே நினைவில் உண்டாக்கிக்கொண்டாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்று, அவள் தோண்டிய குழியில் ஐந்தையும் ஒவ்வொன்றாக வைத்தேன். கையில் கனமே இல்லை.

அதற்குப் பிறகு அம்மா கேன்டீனிலிருந்து பூச்சி கொண்டுவரவில்லை. கோழிகளைச் சின்னம்மா வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அமாவாசைக்குக் காக்காவுக்குச் சோறு வைப்பது எங்கள் வீட்டில் அவள் வேலைதான். அதையும் அப்பாவிடம் தள்ளிவிட்டாள். "நீ வையி. என் கை வேணாம்" என்பாள். அப்பா லாரியில் வெளியூர் போயிருந்தால் என்னை வைக்கச் சொல்வாள். என் கையை அவள் நம்பினாள். எறும்பு சுவரில் அதே வரிசையில் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் "க்யூ.சி." என்ற அந்த வார்த்தையையோ, "பாஸ்" என்று அவள் கத்துவதையோ அதற்கப்புறம் நான் கேட்கவே இல்லை.

சொல்லியிருக்கலாம். முதல் வாரத்தில் அடிக்குப் பயந்து சொல்லவில்லை. ஒரு வருஷம் ஆன பிறகு, இப்போது போய் எதற்கு என்று விட்டேன். ஐ.டி.ஐ. முடித்து எனக்கு வேலை கிடைத்தபோது, அது என்ன வேலை என்று உங்களுக்குத்தான் தெரியுமே, அம்மாவிடம் போய், "க்யூ.சி. டிபார்ட்மென்ட்ல எடுத்துகினாங்கம்மா" என்று சொன்னேன். அவள் முகத்தில் ஏதோ வந்து போனது. "நல்லா பாத்து வுடுடா. நம்ம வுடறது எங்கியோ போய் நிக்கும்" என்றாள். அன்றைக்கு அவள் காலைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கலாம். வேன் ஹார்ன் அடித்தது, ஓடிவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாளே, கடைசி வாரம், ஜன்னலுக்கு வெளியே ஒரு வயரில் ஏதோ குருவி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தவள், "அந்தப் பச்சக்குருவிங்க ஞாபகம் கீதாடா? பாவம், நம்ம கைய நம்பி வந்துச்சுங்க" என்றாள். "இன்னாமா இப்ப அது, கஞ்சி குடி" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். அவள் கஞ்சியைக் குடித்தாள். நான்கு நாள் கழித்துப் போய்விட்டாள். தான் செய்யாத ஒரு தப்பைத் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டே போனாள்.

ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பாகங்களை எடுத்து, திருப்பிப் பார்த்து, அளந்து, பச்சை ஸ்டிக்கர் ஒட்டி வெளியே விடுகிறேன். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் ஓரமாக எடுத்து வைத்துவிடுவேன். லைனில் இருக்கிற பசங்க, "இன்னாண்ணே, இவ்ளோ பாக்குறீங்க, ஒண்ணுதானே" என்பார்கள். நான் சிரித்துவிட்டு அடுத்த பாகத்தை எடுப்பேன்.

அந்த ஏரிக்கரைத் தெருவில் நாங்கள் இருந்த வீடு இருந்த இடம் இப்போது லாரி நிறுத்துகிற இடமாகிவிட்டது. நீங்கள் சுங்குவார்சத்திரத்துக்குப் பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கம் வெறும் டயர்களாகத்தான் தெரியும். பூச்சி லைட்டும் மாறிவிட்டது. எங்கள் கேன்டீனில் இருப்பதில் ட்ரே கிடையாது; பின்னால் பசைத்தாள் இருக்கும், பூச்சி அதில் ஒட்டிக்கொள்ளும், மாதம் ஒரு முறை ஆள் வந்து தாளோடு உரித்துச் சுருட்டிப் போட்டுவிட்டுப் போவான். கோழிக்கும் ஆகாது, குருவிக்கும் ஆகாது. அந்த வாசனை இனிமேல் யார் வீட்டுச் சாப்பாட்டுப் பையிலிருந்தும் வரப்போவதில்லை. பச்சைக்குருவிகள் மட்டும் வருகின்றன. ஏழாக வந்தவை இரண்டாக வருகின்றன.

நீ சோறு வைத்தது தப்பில்லை, இனியா. உனக்குத் தெரியாது. தெரிந்த நான் ஜன்னலைச் சாத்தியதுதான் தப்பு. அதையும் சேர்த்துத்தான் இதில் எழுதியிருக்கிறேன்.

இதுவரை எழுதி வைத்த மறுநாளும் தூறல் விடவில்லை. நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள், உங்கள் அம்மாவும் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்; எனக்கு இரண்டாவது ஷிப்ட். வயரில் இரண்டும் இருந்தன. பாத்ரூம் ஜன்னல் ஓரத்தில், விளக்குக்கு வந்து விழுந்த ஈசலும் நாலைந்து அந்துப்பூச்சியும் கிடந்தன. நம் வீட்டில் அந்தப் பக்கம் கொசு மருந்துகூட வைப்பதில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் நீ சோறு வைத்த அதே டப்பா மூடியில் அவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தேன். கேஸ் அடுப்புக்குப் பின்னால், டைல்ஸ் இடுக்கில், எறும்பு போய்க்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்து வழியில் வைத்தேன். முதல் எறும்பு வந்து மோந்துவிட்டுத் திரும்பிப் போனது. டீ போட்டேன், குடிக்காமல் ஆறவிட்டேன், அங்கேயே நின்றேன். போன எறும்பு இன்னும் இரண்டைக் கூட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் ஐந்தாறு வந்தன. ஒன்று இறக்கையைப் பிடித்தது, ஒன்று தலையைப் பிடித்தது, ஈசல் மெதுவாக நகர்ந்தது. சுவரோரம் போய் மறைகிறவரை பார்த்தேன்.

வீட்டில் யாரும் இல்லை. "பாஸ்" என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு மூடியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.